சீரற்ற காலநிலையும் சீவரத்தினத்தின் கத்தரி விதைகளும்

உலகம் தோன்றிய நாள்தொட்டு விதைகளை விதைத்தவர்கள் கோடானுகோடிப் பேர். அவர்களை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் விதைகளைக் காப்பாற்றிய மகான் ஒருவர்தான் உண்டு. அவர் கோப்பாயில் வசிக்கிறார். பெயர் சீவரத்தினம். ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர். 'கோப்பாய் வீட்டுத்தோட்ட எழுச்சிச் சங்க'த்தின் நிரந்தரத் தலைவர். அந்தச் சங்கத்தில் இதுவரை எவரும் ஒரு கீரைப்பிடிகூடப் பயிரிட்டதில்லை என்று சில விஷமிகள் கதைப்பதுண்டு. பயிரிடுவதை யாரும் செய்யலாம், எழுச்சி கொள்வதற்குத்தான் சங்கம் வேண்டும் என்பது தலைவரின் பதில்.

இந்த மகானுக்கு ஒரேயொரு பலவீனம் இருந்தது. அது கத்தரிக்காய். கத்தரிக்காய்க் குழம்பும் பால்கறியும் இல்லாத மத்தியானச் சாப்பாட்டை அவர் சாப்பாடு என்றே கணக்கெடுப்பதில்லை. நல்ல காலத்துக்கு அவருடைய மனைவி சிவக்கொழுந்து கிணற்றடியில் ஒரு பாத்தி கத்தரி வைத்திருந்தார். எந்தச் சங்கத்தின் அனுமதியும் பெறாமல் அது காய்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் சீவரத்தினம் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். மலைநாட்டுப் பக்கத்துக் கடையொன்று தபாலில் விதை அனுப்புகிறதாம். 'வரிக்கத்தரி'. வெள்ளையும் ஊதாவுமாக வரியோடிய அந்தக் காயை ஒரு குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. காயின் உயரம் குழந்தையின் உயரத்தைவிடச் சற்றே கூட. சீவரத்தினத்துக்கு வாயூறியது. சங்கத்தின் பேரில் அன்றே ஓடர் கொடுத்தார். ஓடர் கொடுத்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், காய்த்து நின்ற கத்தரியை வேரோடு பிடுங்கி எறிந்தார். இதற்கு 'நிலத்தை ஆயத்தப்படுத்தல்' என்று பெயர்.

சிவக்கொழுந்து கோயிலால் வந்து பார்த்தபோது பாத்தி வெறுமையாக இருந்தது.

"இஞ்சேருங்கோ! என்ரை கத்தரியை என்ன செய்தனியள்?"

"பிடுங்கிப்போட்டன். புதுப்பயிர் வரப்போகுது."

"என்ன பயிர்?"

"கத்தரி."

சிவக்கொழுந்து வெறும் பாத்தியைக் கையால் காட்டினார்.

"அப்ப பிடுங்கினது என்ன?"

"அது சும்மா கத்தரியப்பா. இது பார்சலிலை வாற கத்தரி."

சிவக்கொழுந்து சத்தம் போடவில்லை, அழவுமில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து, மிக அமைதியாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். அதை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரே.

"அந்தப் பாத்தியிலை கத்தரி நிக்கிறதை நான் கண்ணாலை காணுமட்டும் இந்த வீட்டிலை சொதியும் சம்பலும்தான். வேறை கறி கேக்கக்கூடாது."

"நீர் பயப்பிடாதையும். கார்த்திகை முடிய முன்னம் உமக்கு வரிக்கத்தரி சமைச்சுக் களைக்கப்போகுது," என்றார் சீவரத்தினம். அன்று மத்தியானம் அவர் முன்னால் சோறும் சொதியும் சம்பலும் வந்தன. ஒரு மாபெரும் நோக்கத்துக்கான முதல் தியாகம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

கந்தசட்டி விரதம் நடந்துகொண்டிருக்கையில், ஒரு தூறல் நாளில் பார்சல் வந்து சேர்ந்தது. சீவரத்தினம் குடையோடு வாசல் படலைக்கு ஓடினார். வரும்போது குடை பார்சலுக்கு மேலே இருந்தது. தலைவர் நனைந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

பார்சலின் மேல் இரண்டு அறிவுறுத்தல்கள் அச்சிடப்பட்டிருந்தன. முதலாவது: 'சீரற்ற காலநிலையிலிருந்து பாதுகாக்கவும்.' இரண்டாவது: 'தாமதியாது விதைக்கவும்.' சாதாரண மனிதன் இரண்டையும் வாசித்துவிட்டு மண்வெட்டியைத் தேடியிருப்பான். சீவரத்தினம் அரச சேவையில் நரைத்தவர். முதலாம் அறிவுறுத்தலை முற்றுமுழுதாக நிறைவேற்றாமல் இரண்டாவதைத் தொடுவது அலுவலக மரபல்ல என்பது அவருக்குத் தெரியும். அவருடைய சேவைக்காலம் முழுவதும் எத்தனையோ கோப்புகள் முதலாம் அறிவுறுத்தலோடேயே பத்திரமாக இருந்திருக்கின்றன.

அன்று பின்னேரமே அவருடைய விறாந்தையில் அவசரக் கூட்டம் கூடியது. வந்தவர்களில் முக்கியமானவர் சங்கச் செயலாளர் சுபாஸ்கரன். நல்லூரில் ரியூசன் நடத்தும் புவியியல் மாஸ்ரர். 'புயல் பார்வை' என்றொரு முகநூல் பக்கமும் வைத்திருக்கிறார். வங்காள விரிகுடாவில் ஒரு மீன் திரும்பிப் படுத்தாலும் அதில் பதிவு வரும்.

"அண்ணை, நிலைமை பாரதூரம்," என்றார் சுபாஸ்கரன். "விரிகுடாவிலை ஒண்டு உருவாகுது."

"என்ன, தாழமுக்கமோ?"

"தாழமுக்கம் இன்னும் உருவாகேல்லை. உருவாகிறதுக்கான சாத்தியக்கூறு உருவாகுது."

கூட்டத்தில் ஒரு நடுக்கம் பரவியது. உருவான தாழமுக்கத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சாத்தியக்கூறின் சாத்தியக்கூறைக் கண்டு பயப்படுவதற்கு விஞ்ஞான அறிவு வேண்டும். உடனே 'விதைப் பாதுகாப்பு அவசரக் குழு' அமைக்கப்பட்டது. காலநிலை சீராகும்வரை விதைப்பை ஒத்திவைப்பதெனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

தேத்தண்ணி கொண்டுவந்த சிவக்கொழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் சங்க உறுப்பினர் அல்ல என்பதால் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"தம்பி சுபாஸ், சீரான காலநிலை எண்டால் எப்பிடியிருக்கும்?"

"மழை பெய்யக்கூடாதக்கா. பெய்தால் விதை அழுகிப்போம்."

"அப்ப வெயில் எறிச்சால்?"

"கருகிப்போம்."

"மழையுமில்லாமல், வெயிலுமில்லாமல், காத்துமில்லாமல் ஒரு நாள் வந்தால்?"

சுபாஸ்கரன் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் அக்கா ஆகப் பயங்கரம். புயலுக்கு முன்னம் அப்பிடித்தான் இருக்கும்."

சிவக்கொழுந்து வெறும் தட்டோடு உள்ளே போனார். குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. நாளைக்கும் சம்பல்தான் என்பதைச் சீவரத்தினம் அந்தச் சத்தத்திலிருந்தே விளங்கிக்கொண்டார்.

அடுத்த கேள்வி, விதைகளை எங்கே வைப்பது என்பது. குளிர்சாதனப்பெட்டி முதலில் பரிசீலிக்கப்பட்டது. காற்றடித்தால் கரண்ட் நின்றுவிடும், கரண்ட் நின்றால் உள்ளே வேர்க்கும் என்று சுபாஸ்கரன் எச்சரித்ததால் அது கைவிடப்பட்டது. பிறகு விறாந்தைக்கு உள்ளே, ஹோலில் இருந்த சோக்கேஸின்மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. அது சீவரத்தினம் வீட்டின் பெருமை. லண்டனில் இருக்கும் மகள் சாருஜாவின் பட்டமளிப்புப் படமும், தங்கக்கரை போட்ட பீங்கான் கோப்பைகளும் அதற்குள் இருந்தன. கோப்பைகள் சாருஜாவின் கலியாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்தவை. முக்கியமான ஆட்கள் வந்தால் எடுப்பதற்கென்று வைத்தவை. இன்னும் அவ்வளவு முக்கியமான ஆட்கள் பிறக்கவில்லை.

உண்மையில் அந்த வீட்டில் பாதுகாப்பு என்பது புதிய விஷயமல்ல. செற்றி கடையிலிருந்து வந்தபோது போட்டிருந்த பொலித்தீன் இன்றைக்கும் அதன்மேல் இருக்கிறது. இருந்தால் சரசரக்கும், எழும்பினால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். ரீவி றிமோட் பொலித்தீனுக்குள் இருக்கிறது. எந்தப் பொத்தான் எது என்று ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் றிமோட் புத்தம்புதிதாக இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் வந்து இறங்கிய விதைகள் கொடுத்துவைத்தவை.

ஆனாலும் சோக்கேஸும் தள்ளுபடியானது. புயலில் ஓடு பறந்து கண்ணாடியில் விழுந்தால் என்ன செய்வது? கடைசியில் சுபாஸ்கரன்தான் விஞ்ஞானபூர்வமான வழியைச் சொன்னார்.

"அண்ணை, றெஜிபோம் பெட்டி, ஐஸ் போடுற வெள்ளைப் பெட்டி. வெக்கையும் போகாது, ஈரமும் போகாது. தண்ணியிலை விட்டாலும் மிதக்கும்."

"அது ஆரிட்டை இருக்கு?"

எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒழுங்கைக்கு றெஜிபோம் பெட்டியோடு வருகிறவர் ஒரேயொருவர்தான். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் எமில்ராஜ். நடப்பதோ கந்தசட்டி. விரதகாலத்தில் எழுச்சிச் சங்கத் தலைவர் மீன்காரரை மறித்தால் ஊர் என்ன சொல்லும்?

மறுநாள் காலை எமில்ராஜின் கோர்ன் சத்தம் கேட்டதும் சீவரத்தினம் நெற்றி நிறையத் திருநீற்றோடு படலையில் நின்று கையைக் காட்டினார். எதிர்வீட்டு வேலிக்கு மேலால் நல்லம்மாவின் தலை எழும்பியது.

"ஐயா, இண்டைக்குச் சட்டியெல்லோ?" என்றார் எமில்ராஜ், எஞ்சினை நிற்பாட்டாமலே.

"மெல்லமாக் கதையும். எனக்கு மீன் வேண்டாம். பெட்டிதான் வேணும்."

"பெட்டியை மட்டும் வேண்டி என்ன செய்யப்போறியள்?"

"அது பரகசியப்படுத்த ஏலாது."

வேலிக்கு மேலால் தெரிந்த தலை மறைந்தது. மத்தியானத்துக்குள், சீவரத்தினம் மீனைப் பெட்டியோடு வாங்கி ஒளித்துவைத்திருக்கிறார் என்ற செய்தி கோப்பாய்ச் சந்திவரை போயிருந்தது. ஒரு பெரிய காரியத்துக்காகப் பழி சுமக்கிறவர்களை வரலாறு மறப்பதில்லை, நல்லம்மாவும் மறக்கவில்லை.

எமில்ராஜ் நல்ல மனிதர். வீட்டுக்குப் போய், இன்னும் பாவிக்காத புதுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது மீனைக் கண்ணாலையும் காணேல்லை, ஐயா," என்று சத்தியம் செய்தார். ஆனாலும் சிவக்கொழுந்து மூக்கைச் சுளித்தார். "மணக்குது," என்றார். உடனே, பெட்டி மணக்கிறதா இல்லையா என்று ஆராய்வதற்கு மூவர் கொண்ட 'முகர்வு உபகுழு' நியமிக்கப்பட்டது. உபகுழு நெடுநேரம் முகர்ந்தது. பின்னர், தாங்கள் விரதகாரர் என்றபடியால் மீன் எப்படி மணக்கும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று அறிவித்தது. போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருந்தது. சட்டி முடிந்து ஒருநாள் போகத் திரும்பவும் தெரியவரும். இடையில் எதையும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

பெட்டி மஞ்சள்தண்ணீர் தெளித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. விதைப்பைகள் அப்படியே பொலித்தீனில் சுற்றப்பட்டு, அந்தப் பொலித்தீன் இன்னொரு பொலித்தீனில் சுற்றப்பட்டு, பெட்டிக்குள் போயின. பெட்டி கிணற்றடிப் பாத்தியின் நடுவில் ஒரு மேசையின்மேல் வைக்கப்பட்டது. மேசைக்கு மேல் கம்பு நட்டுத் தறப்பாள் கட்டினார்கள். தறப்பாள் வாங்க வேண்டியிருக்கவில்லை. குசினியின் ஒழுக்குக்காகக் கூரையில் கட்டியிருந்ததை அவிழ்த்தால் போதுமாயிருந்தது.

"குசினி ஒழுகாதோ?" என்றார் சிவக்கொழுந்து.

"குசினியை ஆரும் தபாலிலை எடுப்பிக்கேல்லையப்பா," என்றார் சீவரத்தினம்.

அதன் பிறகு மழை தொடங்கியது. சும்மா மழையில்லை. கோப்பாயின் தோட்டங்களெல்லாம் குடித்துக் களித்தன. ஒழுங்கையோரப் பூசணி வேலியேறியது. நல்லம்மா கோடிப்புறத்தில் எறிந்த பழுத்த பாகற்காய்கூட முளைத்துக் கொடியோடியது. ஊரிலேயே ஈரமில்லாத நிலம் என்று ஒன்று இருந்தால் அது சீவரத்தினத்தின் கத்தரிப் பாத்திதான். தறப்பாளுக்குக் கீழே மண் வெடித்துக் கிடந்தது. சங்க உறுப்பினர்கள் குடைபிடித்து வந்து, அந்த வெடிப்புகளைப் பார்த்து வியந்துவிட்டுப் போனார்கள்.

சீவரத்தினம் தினமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டார். சிலநாட்களில் மழைத்தண்ணீர் ஒழுகி விழுந்ததால் சொதி கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கார்த்திகை முடிவில், உருவாகும் உருவாகும் என்று சுபாஸ்கரன் சொல்லிவந்தது உண்மையாகவே உருவானது. விடியத் தொடங்கிய காற்று மத்தியானமாகியும் ஓயவில்லை. முருங்கை முறிந்தது. மாட்டுக்கொட்டில் சரிந்தது. குசினியின் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. சிவக்கொழுந்து ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக அடுப்படியில் நின்றார். அந்த நேரத்தில் வீட்டின் ஆண்மகன் எங்கே நின்றார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றார். தறப்பாளின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேசையிலிருந்த பெட்டியை நெஞ்சால் அணைத்துக்கொண்டு, முழங்கால் வெள்ளத்தில் பாத்தி நடுவில் நின்றார்.

"இஞ்சேருங்கோ! ஓடு விழுகுது! உள்ளுக்கு வாங்கோ!"

"விதை காய்ஞ்சு இருக்குதப்பா! ஒரு சொட்டு இல்லை!" என்று கத்தினார் தலைவர். அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை விவரிக்கச் சொற்களில்லை.

புயல் ஓய்ந்தது. விதைகள் தப்பின. தலைவருக்குக் காய்ச்சல் வந்தது. சுபாஸ்கரன் தன் முகநூல் பக்கத்தில், 'புயலை வென்ற பெட்டி' என்று படம் போட்டார். படத்தில் பெட்டியும் சுபாஸ்கரனும் இருந்தார்கள்.

காய்ச்சல் மாறி எழும்பியபோது வானம் தெளிந்திருந்தது. மண்ணில் பதம் இருந்தது. சீவரத்தினத்துக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை எழும்பியது. பெட்டியைத் திறந்து, விதையை எடுத்து, அப்படியே தூவிவிட்டால் என்ன? கனவில்கூட அவருக்குக் கத்தரிக்காய் வரத் தொடங்கியிருந்தது. எண்ணெயில் பொரித்து, பால்விட்டு, மேலே கறிவேப்பிலையோடு வரும். விழித்துப் பார்த்தால் சொதி. ஆனால் அவர் தனிமனிதரல்லர், தலைவர். சங்கத்தைக் கேட்டார்.

"அண்ணை, மார்கழி பிறந்திட்டுது. மார்கழியிலை ஆரும் நல்ல காரியம் தொடங்கிறவையோ?" என்றார் சுபாஸ்கரன். விஞ்ஞானத்தின் வேலை முடிந்த இடத்தில் பஞ்சாங்கம் பொறுப்பேற்றது.

ஆகவே தையில் நாள்பார்த்து 'விதைப்புப் பெருவிழா' ஏற்பாடாகியது. பிரதம விருந்தினர் அருட்பிரகாசம். அந்த வட்டாரத்தில் நடக்கும் எந்த விழாவுக்கும் அவர்தான் பிரதம விருந்தினர். ஏனென்றால் அவர்தான் எப்போதும் ஓய்வாக இருப்பவர். தனக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையையும் தானே மடித்துக் கொண்டுவந்துவிடுவார் என்பதால் சங்கங்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். பாத்திக் கரையில் கதிரைகள் போட்டார்கள். விளக்கேற்றினார்கள். அருட்பிரகாசம் விதையின் மகத்துவத்தைப் பற்றிப் பேசினார். பேச்சு நெடுந்தூரம் போய்த் திரும்பி வருவதற்குள் வானம் கறுத்து, பொசுபொசுவென்று தூறத் தொடங்கியது.

எல்லோரும் திகைத்தார்கள். இத்தனை மாதம் ஒரு துளி படாமல் காத்த விதை. இப்போது பையை வெட்டினால் மழைபடும். மண்ணோ ஈரம். விதை நனைந்துவிடும்!

"ஒத்திவைப்பம்," என்றார் சுபாஸ்கரன்.

"விளக்கேத்தியாச்சு. ஒத்திவைக்கேலாது," என்றார் அருட்பிரகாசம், போர்த்திய பொன்னாடையைத் தலைக்கு மேலே பிடித்தபடி.

சீவரத்தினம் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் அவருடைய ஹோல் தெரிந்தது. செற்றி தெரிந்தது. றிமோட் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அவருடைய முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"பையை ஏன் வெட்டுவான்? அப்பிடியே மண்ணுக்குள்ளை தாப்பம்."

கைதட்டல் எழுந்தது. இவ்வளவு இலகுவான வழி இவ்வளவு காலமும் உழவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று அருட்பிரகாசம் வியந்தார்.

பின்னால் நின்ற சிவக்கொழுந்துதான் கேட்டார்.

"பையோடை தாட்டால் முளைக்குமோ?"

"நனையவே நனையாது," என்றார் சீவரத்தினம்.

"நான் கேட்டது முளைக்குமோ எண்டு."

"அதைத்தான் சொல்லுறன், சொட்டும் நனையாது."

பிரதம விருந்தினர் விதைப்பைகளை ஒவ்வொன்றாகக் குழியில் வைத்தார். கத்தரிக்காயின் படம் மேல்நோக்கி இருக்க வேண்டுமென்று சுபாஸ்கரன் கேட்டுக்கொண்டார். புகைப்படத்தில் அது விழ வேண்டுமல்லவா? மண் மூடப்பட்டது. வந்தவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் வழங்கப்பட்டன. வடையைத் தலைவர் ஆவலோடு பிய்த்துப் பார்த்தார். உள்ளே கத்தரிக்காய் இல்லை.

பாத்தியில் ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் யாரும் மனம் தளரவில்லை. புல்கூட முளைக்காதது பாதுகாப்பின் தரத்தைக் காட்டுகிறது என்று சங்கம் கருதியது. சீவரத்தினம் மட்டும் ஒவ்வொரு விடியலும் பல்துலக்கிக்கொண்டே பாத்தியைச் சுற்றிச்சுற்றி வந்தார். வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. ஒருநாள் சம்பலைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவருக்கு உண்மையாகவே கண்கலங்கியது. கொச்சிக்காய் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தார். சிவக்கொழுந்துக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன்னுடைய கத்தரி காயும் பூவுமாகக் கிடந்து வாடியது அவருக்குக் கண்ணைவிட்டுப் போகவில்லை. பேசாமல் இன்னும் கொஞ்சம் சொதி விட்டார்.

மாசியில் ஒருநாள் காலை, படலையடியில் ஒரு வாகனம் வந்து நின்றது. இறங்கியவர் ஜெசிதா. பகுதிக்குப் பொறுப்பான விவசாயப் போதனாசிரியர். வயது குறைவு, பொறுமை அதிகம். புயலில் பாதிக்கப்பட்ட வீட்டுத்தோட்டங்களைப் பார்த்துப் பதிய வந்திருந்தார். செய்தி கேட்டுச் சுபாஸ்கரனும் ஓடிவந்துவிட்டார்.

சிவக்கொழுந்து ஜெசிதாவைச் செற்றியில் இருத்தினார். செற்றி சரசரத்தது. பிறகு அந்த வீடு காணாத ஒரு காரியத்தைச் செய்தார். சோக்கேஸைத் திறந்து தங்கக்கரைக் கோப்பை ஒன்றை எடுத்து, கழுவி, அதில் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தார். சீவரத்தினத்தின் கை அதைப் பிடிக்கத் தன்பாட்டில் நீண்டு மடங்கியது. ஆனால் அரச உத்தியோகத்தருக்கு முன்னால் அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஐயா, புயலாலை உங்கடை தோட்டத்துக்கு என்ன சேதம்?" என்றார் ஜெசிதா.

இந்தக் கேள்விக்காகத்தான் சீவரத்தினம் பிறந்திருந்தார். எழுந்து நின்றார்.

"சேதமோ? இஞ்சையோ? பிள்ளை, வாங்கோ காட்டுறன்."

அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். சுபாஸ்கரன் மண்ணைக் கிளறி ஒரு பையை வெளியே எடுத்தார். மண்ணைத் துடைத்ததும் வரிக்கத்தரியும் குழந்தையும் பளிச்சென்று சிரித்தன. சீவரத்தினம் பையை ஜெசிதாவின் காதுக்கருகே பிடித்துக் குலுக்கிக் காட்டினார். சிலுசிலுவென்று உலர்ந்த சத்தம் கேட்டது.

"கேட்டியளோ? மழையாலை சேதம் இல்லை. வெள்ளத்தாலை சேதம் இல்லை. இந்தப் பகுதியிலை ஒரு விதையும் பழுதாகாத தோட்டம் இதுதான்."

ஜெசிதா பையைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார்.

"நல்லது ஐயா. சேதமில்லையெண்டால் என்ரை வேலை சுகம். கன்று உங்களுக்கு இல்லை."

"என்ன கன்று?"

"கத்தரிக் கன்று. புயலிலை தோட்டம் அழிஞ்ச ஆக்களுக்கு மட்டும் குடுக்கிறம். வாகனத்திலை இருக்கு."

சீவரத்தினம் வாகனத்தைப் பார்த்தார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே தட்டுத்தட்டாகப் பச்சைப் பசேலென்று கத்தரிக் கன்றுகள் நின்றன. ஒரு பக்கம் சங்கத்தின் மானம், புயலை வென்ற பெட்டி, சேதமே இல்லாத சாதனை. மறுபக்கம் பால்கறி. அவர் வாழ்நாளில் இப்படியொரு தர்மசங்கடத்தைச் சந்தித்ததில்லை.

"சேதமெண்டு சொல்ல ஏலாது பிள்ளை... ஆனால் சேதமே இல்லையெண்டும்..." என்று இழுத்தார்.

"அண்ணை, மாத்திச் சொல்லாதையுங்கோ! நான் முகநூலிலை போட்டிட்டன்," என்று காதுக்குள் சொன்னார் சுபாஸ்கரன்.

அப்போது சிவக்கொழுந்து முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை, இந்தப் பாத்தியிலை என்ரை கத்தரி நிண்டது. காயும் பூவுமா நிண்டது. இப்ப ஒண்டுமில்லை. சேதம் எனக்கு."

"மழையிலை அழுகினதோ அம்மா?"

"இல்லை."

"வெள்ளம் அடிச்சதோ?"

"இல்லை."

"மாடு கீடு கடிச்சதோ?"

"மாட்டுக்கு அந்தளவு மோட்டுத்தனம் வராது."

ஜெசிதா சங்கடத்தோடு பேனையை மூடினார். "அம்மா, எனக்கு விளங்குது. ஆனால் இயற்கை அனர்த்தத்துக்கு மட்டும்தான் குடுக்கச் சொல்லியிருக்கினம். மனுசர் செய்ததுக்குக் குடுக்க எனக்கு அதிகாரமில்லை."

சிவக்கொழுந்து தலைவரை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற செயலாளரையும் பார்த்தார்.

"நான் கலியாணம் கட்டி வந்த நாளிலையிருந்து இது இந்த வீட்டிலை இருக்குது, பிள்ளை. வருசா வருசம் வரும். வரப்போகுதெண்டு முன்னமே தெரியும், தடுக்க ஏலாது. வந்து அடிச்சுப்போட்டு, தான்தான் காப்பாத்தினதெண்டும் சொல்லும். நீங்கள் இயற்கை எண்டே எழுதுங்கோ."

அந்த நேரம் பார்த்து மெல்லத் தூறத் தொடங்கியது. ஜெசிதா நிமிர்ந்தபோது சீவரத்தினம் பக்கத்தில் இல்லை. செற்றிப் பொலித்தீனை ஒரே இழுவையில் உருவிக்கொண்டு வாகனத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் சுபாஸ்கரன் றெஜிபோம் பெட்டியோடு ஓடினார்.

"கன்று நனையுது! கன்று நனையுது!"

ஜெசிதா பேனையைத் திறந்து, 'இயற்கை அனர்த்தம்' என்று எழுதினார். தூறலுக்குள் நடந்துபோய், பொலித்தீனை விலக்கி, ஒரு தட்டுக் கன்றை எடுத்துக்கொண்டுவந்து சிவக்கொழுந்தின் கையில் கொடுத்தார். திரும்பிப் போய் இன்னொரு தட்டையும் கொண்டுவந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு தட்டெல்லோ பிள்ளை?" என்றார் சிவக்கொழுந்து.

"ஓம் அம்மா. அது இண்டைக்கு நடுறதுக்கு. இது, ஐயா அதைப் பாதுகாத்து முடிச்சாப்பிறகு நடுறதுக்கு."